சூடு தங்காத ட்ரையர்

மெஷினைத் திட்டினால் மெஷின் சரியாகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கென்ன, சொல்லுவார். விடியுமுன் மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற மனுஷர். பகலெல்லாம் அந்த ட்ரையரோடு மல்லுக்கட்டியவள் நான். திட்டத்தான் செய்தேன். ஒரு நாள் துடைப்பத்தால் ஒரு போடும் போட்டேன். அன்றைக்கு மட்டும் ஏதோ புத்தி வந்ததுபோல் கொஞ்ச நேரம் சூடாக ஓடியது, பாவி மெஷின்.

பெங்களூரில் மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வாங்கி வந்த பழைய ட்ரையர் அது. ஆள் உயரம், வயிற்றில் கண்ணாடிக் கதவு, உள்ளே பெரிய உருளை. கேஸ் சிலிண்டரில் எரிகிற நெருப்பு காற்றைச் சூடாக்கும், அந்தக் காற்று உருளைக்குள் சுற்றுகிற துணியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஒரு தகரக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போகும். அவ்வளவுதான் அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதை இறக்கும்போது லைனே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடிக் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே இது, கோவம் வந்தா வூட்டுக்காரரையே உள்ள போட்டு சுத்துவ போல கீதே" என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க அந்த அறைப் பக்கமே வரவில்லை.

லைன் என்றால் மைசூர் மைன்ஸ் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கட்டிய ஒட்டு வீடுகள், ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். என் வீட்டில் தாளித்தால் அக்கா வீட்டில் தும்முவார்கள். எங்கள் வீட்டின் பின் அறையில்தான் நான் லாண்டரி வைத்திருக்கிறேன். ராபர்ட்சன்பேட்டையில் உள்ள ஒரு நர்ஸிங் ஹோமின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் பச்சைத் துணி எல்லாம் இங்கேதான் துவைத்துப் போகிறது.

முதலில் கொடிக் கயிற்றில்தான் காயப்போட்டேன். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? லைனுக்குப் பின்னாலேயே சயனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேடு. ஆனி, ஆடியில் காற்று எழுந்தால் அந்த மண் மாவு மாதிரி கிளம்பி வரும். சோற்றில் விழும், கண்ணில் விழும், ஈர விரிப்பில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நர்ஸிங் ஹோமிலிருந்து மூட்டையோடு துணி திரும்பி வந்தது. பெரிய சிஸ்டர் நல்லவர்தான், கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், நம்மோடு தமிழில் பேசுவார். "அம்மா, பேஷண்ட் மேலே மண்ணு போட முடியாதல்லா" என்றார். அந்த மூட்டையை வாசலில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதபோது அக்காதான் காப்பி போட்டுக் கொடுத்தார்.

நான் அழுதது துணிக்காக இல்லை, ரயிலுக்காக. போன வருஷம் வரை நானும் அந்த ரயில்காரிதான். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. இருட்டில் எழுந்து, இருட்டில் கிளம்பி, இருட்டில் திரும்பி. என் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்பதே ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். என் பெண் வளர்ந்ததைத் தூங்குகிற முகமாகத்தான் பார்த்தேன். இப்போது அவள் பத்தாவது. சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "பசிக்குது, இன்னா கீது?" என்று கத்துவாள். அந்தக் கத்தலைக் கேட்கத்தான் நான் லாண்டரி வைத்தேன். நர்ஸிங் ஹோம் கைவிட்டுவிட்டால் மறுபடியும் ரயில்தான்.

அதனால்தான் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு அந்த ட்ரையரை வாங்கினோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்து, கதவில் எலுமிச்சை, மிளகாய் கட்டினேன். கொஞ்ச நாள் ராஜா மாதிரி ஓடியது. போட்ட விரிப்பு அப்பளம் மாதிரி வெளியே வரும். காற்று என்ன ஆட்டம் ஆடினாலும் ஆடட்டும் என்று இருந்தேன். அப்புறம்தான் சனியன் பிடித்தது.

சூடாக ஆரம்பிக்கும். துணி பாதி காய்ந்திருக்கும். திடீரென்று நெருப்பு நின்றுவிடும். உருளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி பற்றும். மறுபடி நிற்கும். ஒரு நாள் இப்படி, மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் நன்றாக ஓடும். மனுஷனுக்கு வந்தால் முறைக்காய்ச்சல் என்று சொல்லலாம், மெஷினுக்கு என்ன சொல்வது?

"உனக்கு கீற சூட்டுல பாதி அதுக்கு இருந்தா போதும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அன்றைக்கு ராத்திரி ரசம் மட்டும்தான்.

முதலில் சிலிண்டர் மேல்தான் சந்தேகம். கேஸ் சரியாக இல்லை என்று சிலிண்டர் கொண்டு வருகிறவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பாவம், வேறு சிலிண்டர் மாற்றிக் கொடுத்து, ரெகுலேட்டரையும் மாற்றிவிட்டு, "யக்கா, இனிமே என்னைத் திட்டாத" என்று போனார். மாற்றியும் அப்படியே. அடுத்து, துணிப் பஞ்சு சேருகிற சல்லடை அடைத்திருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துத் தட்டித் துடைத்தேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டை ஓட்டையாகத் தேய்த்தேன். சல்லடை பளபளவென்று ஆனது, சூடு மட்டும் தங்கவில்லை.

பெங்களூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் வந்த நாளில் இலை அசையவில்லை. ட்ரையர் மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் பெண் இருக்கிற மாதிரி அடக்க ஒடுக்கமாக ஓடியது. "இன்னா மேடம், சூப்பரா ஓடுதே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நல்லவேளை துடைப்பம் பக்கத்தில் இல்லை. வந்ததற்குக் கேஸ் திறந்து மூடுகிற வால்வின் கம்பிச்சுருள் பழசாகிவிட்டது, சூடேறினால் தகராறு செய்யும் என்று அதை மாற்றிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க நன்றாக ஓடியது. நானும் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினேன். விளக்கு ஏற்றிய மறுநாள் மறுபடி ஜில்.

போனில் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டென்ஷன் ஆவாதீங்க மேடம். அதுல ஒரு சேஃப்டி கட் கீது. சூடு வெளிய போவ வழி இல்லன்னா அதுவே கேஸை நிறுத்திக்கும். ஆறினதும் மறுபடி வுடும். வெளிய குழாய் வாயில நல்லா காத்து வருதான்னு பாருங்க" என்றார்.

குழாய் வாய் இருக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால், இரண்டு லைனுக்கும் நடுவில் உள்ள சந்தில். எங்கள் வீட்டிலிருந்து அதற்கு வழி கிடையாது. லைனின் கோடி வரை நடந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். காற்று நின்றபிறகு போய்ப் பார்த்தேன். குழாய் மழமழவென்று சுத்தமாக இருந்தது, கை வைத்தால் சுடச்சுட அனல். அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. காற்று அடிக்கிற நாளில்தான் இந்தக் கூத்து நடக்கிறது. ஆகா, காற்று குழாய்க்குள் புகுந்து நெருப்பை ஊதி அணைக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். மெக்கானிக்கும் இருக்கலாம் என்றார். குழாய் வாயைக் கீழ்ப்பக்கம் பார்த்த மாதிரி வளைத்து ஒரு மூக்கு வைத்தோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இது எந்த மூலைக்கு என்று நினைத்தேன். நினைத்தபடியே அடுத்த காற்று நாளில் முன்னைவிட மோசமாக நின்றது.

நர்ஸிங் ஹோமுக்கு இரண்டு மூன்று தடவை ஈர வாசனையோடு துணி போனது. பெரிய சிஸ்டர் போன் செய்தார். நாளைக்குக் காலையில் கண் முகாம், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லா விரிப்பும் காய்ந்து வந்தாக வேண்டும் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தடவையும் ஈரமா இருந்தா, அம்மா, நான் வேற ஆள் பார்க்கணும். கோபப்படாதீங்க" என்றார். கோபமா? போனை வைத்ததும் கண்ணில் தெரிந்தது அந்த ரயில் பெட்டிதான்.

பாதி மூட்டை உலர்ந்திருக்கும், காற்று எழுந்துவிட்டது. ஊரே வெள்ளையாகப் போனது. எங்கள் ஊரில் காற்று எழுந்தால் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரக் கோணியைச் செருகி, உள்ளேயே கிடப்போம். நானும் அப்படியே செய்துவிட்டு ட்ரையர் முன்னால் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். சுற்றியது. அனல் வந்தது. அப்புறம் வழக்கம்போல் நெருப்பு நின்றது.

ஐயோ என்று சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த தோளில் தகரக் குழாய் சுரீரென்று சுட்டது. உருளை ஜில்லென்று இருக்கிறது, குழாய் இப்படிக் கொதிக்கிறது. சூடான காற்று வெளியே போகவில்லை, உள்ளேயே நிற்கிறது. வெளியே எவனோ என் பிழைப்பின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான் என்று தோன்றியது. ட்ரையரை நிறுத்திவிட்டு, முந்தானையைத் தலையோடு முகத்தில் சுற்றிக்கொண்டு கோடி வரை ஓடினேன்.

சந்தில், கவிழ்த்த பக்கெட் மேல் ஏறி நின்று, என் குழாயின் மூக்கில் ஈரக் கோணியை மடித்து வைத்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு அக்கா. தலை, புருவம், ரவிக்கை எல்லாம் வெள்ளை. ஏற்கெனவே ஒரு கோணி கட்டியிருந்தது, இது அதற்கு மேல் இரண்டாவது.

"யக்கா! இன்னா பண்ற நீ? என் குடியைக் கெடுக்கறதுக்குன்னே கெளம்பி வந்தியா?" என்று நான் போட்ட கூச்சலில் காற்றே ஒரு நிமிஷம் நின்றிருக்கும்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய மூடும்மே, மண்ணு போவும்" என்றார். "இந்த ஓட்டையில மண்ணு பூந்தா உன் வெள்ளைத் துணி இன்னாவும்? போன தடவ மூட்டையை வாசல்ல போட்டு அழுதியே, மறந்துட்டியா?"

"எப்பலேர்ந்து கட்ற?"

"மெஷினு வந்ததுலேர்ந்து தான். காத்து எழுந்தா கட்டுவேன், நின்னா அவுத்துடுவேன். ஈரக் கோணி நாறுமில்ல, சுத்தமான துணி கீற எடம். மொதல்ல மேலேயே நிக்காது, வழுக்கும். நீ வளைச்சு மூக்கு வெச்ச பாரு, அதுக்கப்புறம் கட்டறதுக்கு வசதியா ஆயிடுச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கோணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அது மண் உள்ளே போகிற ஓட்டை இல்லை, சூடு வெளியே வருகிற வாய், அதைக் கட்டினால் நெருப்பு நின்றுவிடும் என்று சொன்னேன். அக்கா பக்கெட் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அடக் கடவுளே, நானா? புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்கா ஆயிடுச்சே! நீ எவ்ளோ கஷ்டப்பட்ட, அந்த சிலிண்டர்காரன எப்படித் திட்டின" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"இதெல்லாம் சொல்லிகினா செய்வாங்க? காத்து எழுந்தா, பகல்ல வூட்ல கீறவங்க, இல்லாதவங்க வூட்டையும் மூடறதுதான? நீ ரயில்ல போவசொல்ல உன் வூட்ட யாரு மூடினாங்கன்னு நெனச்ச?"

யார் என்று நான் நினைத்ததே இல்லை. அத்தனை வருஷமும் காற்று அடித்த நாளில் வீடு திரும்பினால் ஜன்னல் சாத்தியிருக்கும், தண்ணீர் டிரம் மேல் கோணி இருக்கும், கொடித்துணி மடித்து உள்ளே இருக்கும். சாவி அக்காவிடம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து பெண்தான் செய்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விடுவதற்குள் காற்று வந்து போய்விடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பகலில் இந்த ஊரை நான் பார்த்தால்தானே.

ட்ரையர் ஆறினதும் போட்டேன். அக்காவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சூடு ஏறியது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று கண்ணாடியையே பார்த்தேன். நிற்கவில்லை. உருளைக்குள் விரிப்பு பூரி மாதிரி உப்பிக்கொண்டு சுற்றியது. போனில் விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் சிரிக்கவில்லை. "மேடம், அந்த கட் மட்டும் வேலை செய்யலைன்னா வூடே பத்தியிருக்கும். ஜன்னலையும் முழுசா சாத்தாதீங்க, கேஸ் எரிய நல்ல காத்து வேணும். மண்ணு வராம வலை வெச்சுத் தரேன்" என்றார். நான் துடைப்பத்தால் அடித்த மெஷின் ஒவ்வொரு தடவையும் எங்களைக் காப்பாற்றத்தான் ஜில்லென்று ஆகியிருக்கிறது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அக்கா பார்க்காத மாதிரி இருந்தார்.

விரிப்பு காய்ந்து வர வர இரண்டு பேருமாக மடித்தோம். அக்கா மடிக்கிற மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் பெரிய சிஸ்டர் போன் செய்தார். "சென்னாகிதே அம்மா, ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த வாரத்துல இருந்து திரைச்சீலையும் நீங்களே எடுத்துக்குங்க." இனி ரயில் இல்லை. இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் யாரென்று யோசிக்கவே இல்லை, அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா வீட்டு ஜன்னல்கள் காலையில் திறந்தது திறந்தபடியே இருந்தன. கட்டில், அலமாரி, சாமி படம், மூடாமல் விட்ட சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றிலும் வெள்ளையாக மண் படிந்திருந்தது. தரையில் நடந்தால் கால் தடம் விழுந்தது. அக்கா மூலையில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது? உன் வூட்ட மொதல்ல மூடிட்டு வரக் கூடாதா?"

"எனுக்கு இன்னா, பெருக்கினா போவுது" என்றார், நிமிராமல். "சிஸ்டரு இன்னா சொன்னாங்க?"

"நல்லா கீதுன்னு சொன்னாங்க. இன்னும் துணி தர்றாங்களாம்."

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நீ ரயிலுக்குப் போவ மாட்ட?"

"போவ மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"காலையில அந்த வண்டி போச்சுன்னா இந்த லைன்ல ஒரு ஆளு கெடையாதும்மே" என்றார் அக்கா. "நீ வேலைய வுட்டு வர்றதுக்கு முன்னாடி, நான் வாயத் தெறந்து பேசறதுக்கே ராத்திரி ஆவணும்."

அவர் கீழே போட்ட துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தேன். கொடு, நானே பெருக்கிக்கறேன் என்று அவர் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை.